ஒன்பதாம் கட்டிலுக்கு வந்த குரல்

காத்தாடி சுற்றினால் கரண்டு, காத்தாடி நின்றால் கதை என்பார்கள் ஊற்றுப்பாறையில். இருநூறு காற்றாலை சூழ நிற்கிற ஊரில் வேறு எப்படிச் சொல்வார்கள். அப்படி இருநூறும் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்ற ஒரு பங்குனிச் செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்றேகால் மணிக்கு, மாலைத்தென்றல் முதியோர் பராமரிப்பு இல்லத்தின் நான்காம் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "தாத்தா, ரெண்டு சொட்டு தண்ணி குடிக்கியளா" என்று கேட்பதற்காக வாயைத் திறந்த ரோஸ்கனி சிஸ்டரின் வாயிலிருந்து, நாற்பது வயது ஆம்பளைக் குரல் ஒன்று, லேசாகச் சளி கட்டி, வெயிலில் காய்ந்து, "யப்பா, நான் கொம்பையா வந்திருக்கேன்" என்று வந்தது.

நான்காம் கட்டிலில் கிடந்தது ரிட்டயர்டு கண்டக்டர் சுடலைமுத்து. சோறு இறங்கி மூன்று வாரம், மூத்திரம் இறங்கி இரண்டு நாள், ஆனால் உயிர் மட்டும் கடைசி ஸ்டாப்பில் இறங்கமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. தோஹாவில் கிரேன் ஓட்டுகிற மகன் கொம்பையா தினமும் போனில் வந்து அழுதான், கண் மங்கிப்போன கண்டக்டரின் காதில் போனை வைத்தால், "இது டேப்பு. டேப்பப் போட்டு என்னய ஏமாத்தாதிய" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் டேப்புக்குப் பக்கத்திலேயே நின்றவருக்கு எது டேப்பு, எது ஆள் என்று தெரியாதா என்ன. ஆனால் அன்றைக்கு சிஸ்டர் வாயிலிருந்து வந்த குரலைக் கேட்டதும் அவர் முகத்தைத் திருப்பவில்லை.

"எப்ப ஏறுன?" என்றார்.

"காலையில" என்றது குரல்.

"உக்கார எடம் கெடச்சுதா?"

"கெடச்சுது யப்பா. சன்னல் சீட்டு."

"அப்பச் சரி" என்றார் கண்டக்டர். பிறகு, பின் படியில் நிற்கிற கடைசி ஆளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வது போல, "ரைட்டு" என்றார். போய்விட்டார்.

அதே நேரத்தில் தோஹாவில், கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து கீழே நிற்கிறவனைத் திட்டிக்கொண்டிருந்த கொம்பையாவுக்கு, கெட்ட வார்த்தையின் பாதியில் குரல் நின்றுபோனது. பதினொரு நிமிஷம் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. குரல் திரும்பியதும் அவன் செய்த முதல் வேலை ஊருக்குப் போன் அடித்ததுதான். "சிஸ்டர், எனக்குக் குரல் போயிட்டு. அப்பவே தெரிஞ்சிட்டு. நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டான். ரோஸ்கனி, சன்னல் சீட்டு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள்.

இல்லத்தில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஆயா முப்பிடாதி அக்கா பெட்பேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "ஆம்பளக் குரல் வந்தா தொண்ட புண்ணாப் போயிரும், ஒரு வாய் மொளகுப் பாலு குடிங்க" என்று மட்டும் சொன்னாள். எப்படி வந்தது என்பதிலும் பெரிய மர்மம் இல்லை. ரோஸ்கனி பதினான்கு வருஷமாக டூட்டிக்குள் நுழையும்போது ஹால் வாசல் நிலையில் உள்ளங்கையை வைத்து ஒரே ஜெபத்தைத்தான் செய்துவந்தாள்: "ஆண்டவரே, இன்னைக்கு இங்க கெடக்கவியளுக்கு என்ன வேணுமோ, அத என்கிட்ட இருந்து எடுத்துக் குடும்." பதினான்கு வருஷம் அவர் அவளிடமிருந்து இடுப்பையும் முட்டியையும் தூக்கத்தையும் எடுத்துக் கொடுத்தார். இப்போது தொண்டைக்கு வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் மிளகுப் பாலைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தபோது, ரோஸ்கனியின் கண் பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் போனது. அந்த ஹாலில் திரைக்கு இந்தப் பக்கம் ஆண்கள், ஒன்று முதல் ஆறு. அந்தப் பக்கம் பெண்கள், ஏழு முதல் பன்னிரண்டு. ஒன்பதாம் கட்டிலில் கிடப்பது செல்லபாய், ரோஸ்கனியைப் பெற்றவள்.

செல்லபாய் ஐம்பது வருஷம் பீடி சுற்றியவள். வலது பக்கம் விழுந்துபோன பிறகும் இடது கை விரல்கள் போர்வை விளிம்பைப் பிடித்து உருட்டி உருட்டி முனை மடக்கிக்கொண்டே இருக்கும். வீட்டில் பார்க்க ஆள் இல்லாமல், வேலை பார்க்கிற இடத்திலேயே அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்த அன்றைக்கு, ரோஸ்கனி கட்டில் ஓரத்தில் குனிந்து ரகசியமாகச் சொன்னாள்: "யம்மா, இங்க நீ என்னய ரோஸுன்னு கூப்பிடப்படாது. எல்லாரும் கூப்பிடுத மாதிரி சிஸ்டர்னுதான் கூப்பிடணும். இல்லன்னா அம்மாவ மட்டும் கவனிக்கான்னு சொல்லுவாவ."

யார் சொல்லுவாவ என்று செல்லபாய் கேட்கவில்லை. ஆறாம் கட்டில் ஏட்டையா, போலீஸில் இருந்து ரிட்டயர்டு ஆகியும் கண்காணிப்பில் இருந்து ரிட்டயர்டு ஆகாதவர், திரை விலகல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்லபாய் இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோய் சல்யூட் வைத்து, "உத்தரவு சிஸ்டர்" என்றாள். அப்போது அது வேடிக்கையாக இருந்தது. "சிஸ்டர், கொஞ்சம் முதுகச் சொறிஞ்சி விடுங்க சிஸ்டர். ஒங்களப் பெத்தவ புண்ணியவதி சிஸ்டர்" என்று கண்ணைச் சிமிட்டுவாள். ஒரு வருஷம் வேடிக்கை செய்தாள். அதற்குப் பிறகு கண்ணைச் சிமிட்டுவதை எப்போது நிறுத்தினாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

செல்லபாய்க்கு ஒரு மகனும் உண்டு. எட்வின். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு கிறிஸ்மஸ் காலையில், "சாயா குடிச்சிட்டு வாறேன்" என்று போனவன், பம்பாயில் குடித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அதற்குப் பிறகு, படுக்கையில் விழும் வரை, ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் செல்லபாய் ஒரு இலை கூடப் போட்டு, அதில் கறியும் வைத்து, சாயங்காலம் வரை யாரையும் தொடவிடமாட்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்து ரோஸ்கனி சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். கூட்டிக் கழித்துப் பார்த்தால், அம்மா காத்திருந்து காத்திருந்து பார்த்தது வாசலைத்தான், பக்கத்து இலையை இல்லை.

ஆகவே ரோஸ்கனி அன்றைக்கு டம்ளரைக் கழுவியபடியே கணக்குப் போட்டுப் பயந்தாள். வராதவர்களின் குரல்தான் தன் வாயில் வருகிறது. அம்மாவுக்கு வராதவன் எட்வின். அம்மாவின் நேரம் வரும்போது தன் வாயைத் திறந்தால் எட்வின் பேசுவான். பத்தொன்பது வருஷம் எட்டிப் பார்க்காத பயல், ஒரு சாயா கிளாஸ் கழுவுகிற நேரத்தில், அவள் நாக்கில் ஏறி உட்கார்ந்து, "யம்மா" என்பான், அம்மா அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுவாள், பீ அள்ளி மூத்திரம் அள்ளி புண்ணுக்கு மருந்து போட்ட மகள் அந்த நேரத்தில் வெறும் குழாயாக நிற்பாள். "அது மட்டும் நடக்கப்படாது" என்று அவள் முப்பிடாதி அக்காவிடம் சொன்னாள். "எங்கம்மா கடைசியாக் கேக்குதது என் சத்தமா இருக்கணும்."

"அதுக்கு ஆண்டவர்ட்டச் சொல்லுங்க" என்றாள் முப்பிடாதி. "என்கிட்டச் சொன்னா நான் மொளகுப் பாலுதான் தரமுடியும்."

இதற்கிடையில் மேனேஜர் டென்சிங், எல்லாவற்றையும் மைக் முன்னால் நிற்பது போலவே பேசுகிறவர், ஸ்டாஃப் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, "வந்து, என்ன சொல்லுதேன்னா, அதாவது, இது கர்த்தருடைய ஈவு, அதனால, வந்து, டூட்டி சார்ட்ட மாத்திருக்கேன்" என்றார். இனி யாருக்கு மூச்சு ஏறி இறங்கினாலும், யார் டூட்டியாக இருந்தாலும், ரோஸ்கனியைக் கூப்பிட வேண்டும். வாரம் ஒருமுறை வந்து எல்லாருக்கும் பி.பி. பார்க்கிற டாக்டர், கேஸ் ஷீட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, "குரல்: தேவைப்படும்போது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சர்ச் ஐயர் ஜெபம் பண்ணிவிட்டு, இது அந்நிய பாஷை வரத்தோடு சேருமா சேராதா என்று பேராயத்துக்குக் கடிதம் எழுதப்போவதாகச் சொன்னார். சுடலைமாடன் கோயில் சாமியாடி வந்து ரோஸ்கனி கண்ணை விலக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு வருதவரு கெடா கேப்பாரு. ஒனக்கு வருதவரு தண்ணிகூடக் கேக்கல. ஒன் சாமி ஏமாந்த சாமி" என்று வருத்தப்பட்டார். பள்ளிவாசல் அஜ்ரத்து மட்டும், "ஏன்னு கேக்கக்கூடாதும்மா, துஆ செய்யணும்" என்று சொல்லி, வெளியே போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய மகன் ரியாத்தில் இருந்தான்.

ஊற்றுப்பாறையில் அதற்குப் பிறகு தொண்டை கமறுவதற்கு மரியாதை வந்துவிட்டது. பஞ்சாயத்துக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது யாருக்காவது குரல் அடைத்தால், பக்கத்தில் இருக்கிறவர்கள் தண்ணீரை நீட்டுவதற்கு முன்னால், "வீட்டுக்குப் போனப் போடும்வே" என்றார்கள். கடல் கடந்த பிள்ளைகளோ முதலில் விக்கித்து அழுதார்கள், அடுத்த மாதம் நன்றி சொன்னார்கள், அதற்கடுத்த மாதம் வசதி பழகிவிட்டது. "சிஸ்டர், லீவு கெடைக்காது போலுக்கு, எப்படியும் என் சத்தம் அங்க வந்துரும்லா" என்றான் ஒருவன். இன்னொருத்தி, தன் குரல் என்னென்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள். ஒருவன், புரமோஷன் இன்டர்வியூ இருப்பதால் வெள்ளிக்கிழமை மட்டும் குரலை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். வந்த குரல்கள் இரண்டு பக்கத்தையும் படிக்கவில்லை, வெள்ளிக்கிழமையையும் பார்க்கவில்லை. பெரிய பெரிய மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "யம்மா, பால் பொங்குது பாரு" என்றது ஒன்று. "அந்த நாயி இன்னும் நம்ம வாசல்லதான் கெடக்கா" என்றது இன்னொன்று. அதற்கே போக வேண்டியவர்கள் நிம்மதியாகப் போனார்கள்.

இன்னும் போகிற நேரம் வராதவர்களுக்கும் ஆசை வந்ததுதான் தொல்லை. ஏழாம் கட்டில் கோமதி டீச்சர், நாற்பது வருஷம் பிள்ளைகளின் பொய்யைப் பிடித்தவள், எழுபத்தெட்டாவது வயதில் பொய் சொல்லப் பழகினாள். தினமும் மத்தியானம் காபிக்கு அரைமணி நேரம் முன்னால் கண்ணை மேலே சொருகி, வாயைக் கோணி, "வித்யா... வித்யா..." என்று நியூஜெர்சியில் இருக்கிற மகளைக் கூப்பிட்டு முனகுவாள். ஓடிவந்து ரோஸ்கனி மணிக்கட்டைப் பிடிப்பாள்.

"பல்ஸ் எழுவத்தெட்டு, டீச்சர்."

"கொறையும். கொஞ்சம் வெயிட் பண்ணு."

"கொறையாது. எந்திரிங்க, காபி வந்துட்டு."

டீச்சர் ஒரு கண்ணைத் திறந்து, "ஒருக்கா பேச வச்சா ஒனக்கு என்ன கொறஞ்சிபோவும்? ஒரு வார்த்த போதும், ஹலோன்னா கூடப் போதும்" என்பாள். "என் கையில இல்ல டீச்சர்" என்பாள் ரோஸ்கனி. ஏட்டையா திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "போலிச் சாவு, ஏழு நாள் ரிமாண்டு" என்பார். பன்னிரண்டு கட்டிலும் சிரிக்கும். ஆடி மாதத்தில் ஒருநாள், காத்தாடிகள் தலைதெறிக்கச் சுற்றிக்கொண்டிருந்த மத்தியானம், டீச்சர் முனகினாள், எல்லாரும் சிரித்தார்கள், ரோஸ்கனி மணிக்கட்டைப் பிடித்து, "டீச்சர், போதும் நடிப்பு" என்று சொல்ல வாயைத் திறந்தாள். "அம்மா, அன்னிக்கு ஒன் பட்டுப்பொடவையில இங்க் கொட்டினது நான் இல்ல" என்றது அவள் வாய், மூக்கால் பேசுகிற, படித்த ஒரு பெண் குரலில். டீச்சர் இரண்டு கண்ணையும் அகலத் திறந்து, சிரிப்பு வந்து, "தெரியும்டி" என்றாள். பல்ஸ் குறைந்தது.

நியூஜெர்சியில் படுக்கையில் உட்கார்ந்து பதினொரு நிமிஷம் ஊமையாக அழுத வித்யா, குரல் வந்ததும் போன் செய்து தான் சொன்னது என்ன என்று கேட்டாள். ரோஸ்கனி சொன்னாள். பிறகு, "கொட்டினது நான்தான் சிஸ்டர்" என்றாள் வித்யா. "ஒங்கம்மாவுக்கும் அது தெரியும்னுதான் நெனைக்கேன்" என்றாள் ரோஸ்கனி.

அன்றைக்குப் போனை வைத்துவிட்டு வந்தவள்தான், ஒன்பதாம் கட்டிலை விட்டு விலகத் தொடங்கினாள். அவளுடைய யோசனை எளிமையானது. குரல் வருவதற்கு வாய் வேண்டும். அம்மா பக்கத்தில் தன் வாய் இல்லாவிட்டால் எட்வினுக்கும் வாய் கிடையாது. அம்மாவுக்கு ஒரு நாள் மூச்சு வாங்கினால் அன்றைக்கு அவள் அந்தப் பக்கமே போகமாட்டாள். போகத்தான் வேண்டியிருந்தால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க்கைப் போட்டு, உதட்டுக்கு மேல் பிளாஸ்திரியும் ஒட்டிக்கொண்டு, பேசாமல் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு ஓடிவந்துவிடுவாள். எல்லாம் நல்லபடியாக, மயக்கம் இல்லாமல், முகம் தெளிந்திருக்கிற ஒருநாள் பார்த்து, மாஸ்க்கைக் கழற்றி, ஆற அமர உட்கார்ந்து பேச வேண்டும் என்று வைத்திருந்தாள். அந்த நாளுக்காக ஆவணியில் காத்திருந்தாள், புரட்டாசியில் காத்திருந்தாள். இரண்டு மணி ஷிப்ட் மாறும்போது ஒவ்வொரு கட்டிலாக ஒப்படைக்கிற நேரத்தில், "எட்டு, சுகர் எரநூத்திப் பத்து. ஒம்பது, ரெண்டு மணிக்கொருக்க திருப்பணும், முதுகுல ரெண்டு எடத்துல செவப்பு. பத்து, மலம் போகல" என்று சொல்லிக்கொண்டே போவாள், புதிதாகக் கேட்கிறவர்களுக்கு ஒன்பது யார் என்று தெரியாது.

ஒன்பதை அவள் ஒப்படைத்தது ரஹ்மத்திடம். கடையநல்லூர்ப் பிள்ளை, படிப்பு முடித்து ஒன்றரை வருஷம்தான், ரோஸ்கனிக்குக் கீழே வேலை பழகுகிறவள். அவள் உம்மாவும் பீடி சுற்றியவள் என்பதால் செல்லபாயோடு பேச அவளுக்கு விஷயம் குறையவில்லை.

"ஏட்டி ரகுமத்து, இந்த எல சரியில்ல, தண்ணி தெளிக்கல" என்பாள் செல்லபாய், போர்வை விளிம்பைத் தூக்கிக் காட்டி.

"தெளிச்சாச்சி ஆச்சி, நீங்க சுத்துங்க."

"என் மவ எங்க?"

"டூட்டியில இருக்காவ ஆச்சி."

"எப்பப் பாத்தாலும் டூட்டி. எப்ப முடியும்?"

ரஹ்மத் இதை அப்படியே போய் ரோஸ்கனியிடம் சொல்வாள். "அக்கா, ஒங்களத்தான் கேக்காவ." ரோஸ்கனி நம்பமாட்டாள். "மவனக் கேட்டிருப்பா, ஒனக்குக் காது சரியா கேட்டிருக்காது" என்று சொல்லிவிட்டு ஐந்தாம் கட்டில் டியூபைச் சரிசெய்யப் போய்விடுவாள். ஒருநாள் ரஹ்மத் கையைப் பிடித்து நிறுத்தி, "அக்கா, பக்கத்துல போயி சும்மா உக்காருங்க. நாங்க எங்க வீட்டுல யாருக்கும் முடியலன்னா சுத்தி உக்காந்து யாசீன் ஓதுவோம். ஓதத் தெரியாதவங்க சும்மா உக்காந்திருப்பாங்க. அதுவும் கணக்குதான்" என்றாள். "நான் உக்காந்தா அவன் வந்துருவான்" என்றாள் ரோஸ்கனி. "வந்தா வரட்டும்கா" என்றாள் ரஹ்மத். ரோஸ்கனி அவளை அடிக்கிற மாதிரி பார்த்தாள், அடிக்கவில்லை, இரண்டாவது மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மார்கழி முதல் ஞாயிறு. ஹாலில் நட்சத்திரம் கட்டி, ஏட்டையா தலைமையில் கேக் வெட்டி, எல்லாரும் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார்கள். வெளியே இருநூறு காத்தாடியும் நின்றிருந்தன. மருந்து அறைக்கு ரஹ்மத் நடந்துதான் வந்தாள், ஓடி வரவில்லை. அந்த நடையிலேயே ரோஸ்கனிக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, ஒம்பது. முட்டியெல்லாம் நீலம் பாஞ்சிட்டு. மூச்சுக்கு மூச்சு எடவெளி கூடுது. மவளக் கேக்காவ."

"மவனயா?"

"மவள. நான் மூணு தடவ கேட்டுட்டேன் அக்கா. மவளத்தான்."

ரோஸ்கனி முதல் மாஸ்க்கைக் கழற்றினாள், இரண்டாவது மாஸ்க்கைக் கழற்றினாள், பிளாஸ்திரியைப் பிய்த்ததில் மேலுதடு சிவந்தது. மருந்து அறையிலிருந்து ஒன்பதாம் கட்டிலுக்கு முப்பது எட்டு எடுத்து வைக்க வேண்டும். எட்வின் ஏறுவதற்கு முன்னால் தான் ஏறிவிட வேண்டும் என்று, அந்த முப்பது எட்டும், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பவளைப் போல, "யம்மா, நான் ரோஸு, பயப்படாத, ஆண்டவர் இருக்காரு. யம்மா, நான் ரோஸு, பயப்படாத" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். வழி நெடுக அது அவள் குரலாகத்தான் இருந்தது. பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள், அம்மாவின் இடது கையைப் பிடித்தாள், குனிந்தாள், வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

எட்வினும் வரவில்லை. இருமல்கூட வரவில்லை. வாளி தரை தட்டிய கிணறு போலக் கிடந்தது தொண்டை. அவன் வருகிற வழியில்தான் இப்படி அடைக்கிறது என்று எண்ணி, அவள் ஒரு கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் கட்டிலுக்கு எதிர்ப் பக்கத்தில் நின்று, பஞ்சை நனைத்துச் செல்லபாயின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்த ரஹ்மத்தின் வாயிலிருந்து ஒரு குரல் வந்தது. கொஞ்சம் தடித்த, முன்பல் இடைவெளியில் லேசாக விசில் அடிக்கிற, பதினான்கு வருஷமாகப் பன்னிரண்டு கட்டிலுக்கும் தெரிந்த குரல். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ரோஸ்கனியைப் பார்த்தார்கள். அவள் கை அவள் வாய் மேல் இருந்தது.

"யம்மா, ரோஸு வந்திருக்கேன்" என்றது குரல்.

போர்வை விளிம்பை உருட்டப் பார்த்து, பிடிக்குள் துடித்துக்கொண்டிருந்த செல்லபாயின் விரல்கள் நின்றன.

"டூட்டி முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு."

"சாப்பிட்டியா?"

"இல்ல. ஒங்கூடச் சாப்பிடலாம்னு இருந்தேன். கொஞ்சம் தள்ளிப் படும்மா, எனக்கும் எடம் வேணும்."

அது ஏழு வயதில், பீடித் தட்டுக்குப் பக்கத்தில் பாயில் படுக்கும்போது ரோஸ்கனி தினமும் சொன்ன சொல். ரோஸ்கனிக்கே அது மறந்திருந்தது. ரஹ்மத்துக்கு அது தெரிய வழியே இல்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் வாயை மூட அவளால் முடியவில்லை. ஒன்பது மாதமாகத் திருப்பிவிட்டால் மட்டுமே திரும்புகிற செல்லபாய், தானாக ஒரு விரற்கடை நகர்ந்து, ரஹ்மத் இருந்த பக்கத்தில் இடம் விட்டாள்.

நகரும்போதுதான் தன் இடது கையை யாரோ பிடித்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. ரோஸ்கனி பிடித்திருந்தது கையை இல்லை, மணிக்கட்டை. மூன்று விரலை நாடியில் வைத்து, கட்டைவிரலை அடியில் கொடுத்து. வேறு மாதிரிப் பிடிக்க அந்த விரல்களுக்கு மறந்துபோயிருந்தது. செல்லபாய்க்கு அந்தப் பிடி யாருடையது என்று நன்றாகத் தெரியும். அவள் முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, மரியாதைக்குரிய ஒருவரிடம் பேசுகிற மெதுவான குரலில் சொன்னாள்:

"சிஸ்டர், என் மவ வந்துட்டா. இனி நீங்க போயி மத்தவியளப் பாருங்க."

ரோஸ்கனியின் வாய் அசைந்தது. யம்மா என்று அசைந்தது, நான்தான் என்று அசைந்தது. காற்று இல்லாத நாளில் காத்தாடி போல அசைந்து நின்றது. அவள் அந்தக் கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்தாள், முன்பல் இடைவெளியில் வைத்தாள், தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது போல. செல்லபாய் தடவிப் பார்க்கவில்லை. பிறத்தியார் முகத்தைத் தொட்டுவிட்ட கூச்சத்தோடு கையை உருவிக்கொண்டு, இரண்டு முறை லேசாகத் தட்டிக்கொடுத்து, "நல்லா பாத்துக்கிட்டிய" என்றாள். பிறகு ரஹ்மத் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். அந்தப் பக்கத்துக் குரல், "யம்மா, வெளக்க அணைக்கட்டா" என்றது. "அணை" என்றாள் செல்லபாய்.

அதே நேரத்தில் பம்பாயில் ஏதோ ஒரு ஸ்டேஷன் வாசலில் எட்வின் சாயா விற்றுக் கத்திக்கொண்டிருந்தான். அவன் குரல் ஒரு நொடிகூட அடைக்கவில்லை.

ரஹ்மத் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். முப்பிடாதி அக்கா வெந்நீரும் துண்டும் கொண்டுவந்து வைத்தாள், மிளகுப் பால் என்று சொல்லவில்லை. ரோஸ்கனி மட்டும் வேலை பார்த்தாள். இமையை மூடினாள். தாடையைத் தூக்கிக் கட்டினாள். சன்னலைத் திறந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக நீட்டினாள். போர்வை விளிம்பில் ஒரு சாண் அளவுக்கு, நூலில்லாமலே முனை மடங்கி இறுகியிருந்த உருட்டலைப் பிரிக்கப் பார்த்தாள், பிரியவில்லை, விட்டுவிட்டாள். செய்த ஒவ்வொன்றுக்கும் அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது, வந்ததா வந்ததா என்று பார்க்கிற மாதிரி.

வழக்கமாக எல்லாவற்றுக்கும் ஏதாவது சொல்கிற ஏட்டையா, திரையின் விலகலைத் தன் பக்கமிருந்து இழுத்து மூடினார். இருமலை அடக்கிக்கொண்டு கிடந்தார். முடியாமல் போனபோது, குற்றவாளியைப் போல, மிகத் தணிந்த குரலில் கூப்பிட்டார்:

"சிஸ்டர், கொஞ்சம் தண்ணி."

மணி மூன்று இருபத்தாறு. பதினொரு நிமிஷம் முடிந்திருந்தது.

"வாறேன்" என்றாள் ரோஸ்கனி, தன் சொந்தக் குரலில்.